பஸ் டிக்கெட் சைட் டெஸ்டுக்கு ஆள் புடிச்சு குடுத்த ஏஜென்சி: 5க்கு 3

மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3. சொன்ன நேரத்துக்கு ஆள கொண்டு வந்து நிறுத்துற வேலைக்கு 4 குடுக்கலாம், சரியான ஆளா பாத்து எடுக்குற வேலைக்கு 2தான், ரெண்டுக்கும் சராசரி 3. ஏஜென்சி பேர் போடல. சென்னைல மார்க்கெட் ரிசர்ச்சுக்கு ஆள் எடுத்துக் குடுக்குற ஃபீல்டு ஏஜென்சிங்க நெறைய இருக்கு, சோப்பு, பிஸ்கட், டிவி விளம்பரம்னு வருஷக்கணக்கா பழகின கை, அதுல சில பேர் இப்போ யூஎக்ஸ் டெஸ்டுக்கும், அதாவது ஒரு சைட்டோ ஆப்போ யூஸ் பண்ண எப்படி இருக்குன்னு பாக்குற டெஸ்டுக்கும், ஆள் தர்றோம்னு சேத்து சொல்றாங்க, நாங்க போனது அந்த வகைல ஒண்ணு. நீங்களும் அந்த மாதிரி எடத்துக்கு போறதா இருந்தா என்னத்த கேட்டு வாங்கணும்னு தெரிஞ்சுக்கதான் இத எழுதறேன்.

எங்க வேலை ஒரு ஆம்னி பஸ் டிக்கெட் புக்கிங் சைட். சென்னைலேர்ந்து தெக்க போற ரூட்டுதான் மெயின், மதுரை, தேனி, திருநெல்வேலி, நாகர்கோவில். புது டிசைன் ரெடி, லைவ் போறதுக்கு முன்னாடி டிக்கெட் போடுற ஜனங்கள ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு "வர்ற வெள்ளிக்கிழமை நைட்டு திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் போடுங்க"ன்னு சொல்லிட்டு நாம வாய மூடிக்கிட்டு பாக்கணும், எங்க முழிக்கறாங்க, எத தப்பா அமுக்கறாங்க, எந்த எடத்துல கடுப்பாகி ஃபோன கீழ வெக்கறாங்கன்னு. யூசபிலிட்டி டெஸ்ட்ங்கறது அவ்ளோதான். ஆனா உக்கார்ற ஆள் மாறிப்போச்சுன்னா மிச்சம் எல்லாமே வீண், ரூம் வாடகை, ரெக்கார்டிங், ராத்திரி முழுக்க உக்காந்து எழுதுற ரிப்போர்ட்டு, எல்லாம்.

நாங்க குடுத்த பிரீஃப் ஒரே பக்கம்தான். கடந்த 6 மாசத்துல வெளியூருக்கு ஆம்னி பஸ்ல போயிருக்கணும், டிக்கெட்ட தானே ஃபோன்ல போட்டிருக்கணும், பாதிப் பேர் தமிழ்லயே படிச்சு பழகினவங்களா இருக்கணும், ரெண்டு மூணு பேராவது 55 வயசுக்கு மேல. இத படிச்சுட்டு அவங்க சூப்பர்வைசர் ஃபோன் பண்ணி கேட்ட மொத கேள்வி, "மேடம், என்சிசிஎஸ் ஏவா பியா? மேல் எத்தன, ஃபீமேல் எத்தன?" அதுக்கப்புறம் வந்துது அவங்க ஃபார்ம். வயசு, ஏரியா, படிப்பு, குடும்பத் தலைவர் படிப்பு, வீட்ல என்னென்ன சாமான் இருக்கு. பஸ்ஸுங்கற வார்த்தை அந்த ஃபார்ம்ல ஒரே ஒரு எடத்துலதான் இருந்துது, "பஸ்ஸில் பயணம் செய்வீர்களா? ஆம் / இல்லை".

என்சிசிஎஸ் தெரியாதவங்களுக்கு: இந்தியால 2011லேர்ந்து மார்க்கெட் ரிசர்ச்காரங்க குடும்பங்கள தரம் பிரிக்கிற முறை அது. குடும்பத்துக்கு அதிகம் சம்பாதிக்கறவர் எவ்ளோ படிச்சிருக்காரு, ஒரு லிஸ்ட்ல இருக்குற 11 சாமான்ல வீட்ல எத்தன இருக்கு, இந்த ரெண்ட வெச்சே ஏ1லேர்ந்து இ3 வரைக்கும் 12 தட்டு. கரண்ட் கனெக்‌ஷன், சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூ வீலர், கலர் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம், இதான் அந்த லிஸ்ட். ஷாம்பு எந்த வீட்டுக்கு விக்கலாம்னு பாக்கறதுக்கு இது சரியா இருக்கலாம், நான் குறை சொல்லல. ஆனா மாட்டுச் சந்தைல பல்ல புடிச்சு பாக்குற மாதிரி ஒரு மனுஷன் வீட்டு வாஷிங் மெஷின எண்ணிட்டு, இவரு போர்டிங் பாயிண்ட் லிஸ்ட்ல தடுமாறுவாரா மாட்டாரான்னு எப்படி கண்டுபுடிக்கறது? ஏசி இருக்குற வீட்லயும் பஸ்ஸே ஏறாத ஆளு உண்டு, வாஷிங் மெஷின் இல்லாத வீட்ல மாசம் ரெண்டு தடவ நாகர்கோவில் போயிட்டு வர்ற பையன் உண்டு. எனக்கு வேணும்னா அந்த பையன்தான் வேணும்.

மொத பேட்ச் எப்படி வந்துதுன்னா, கோட்டா எல்லாம் கனகச்சிதம். ஆணும் பெண்ணும் சரிபாதி, வயசு வரிசையா, ஏரியாவுக்கு ஒண்ணா அண்ணா நகர், வேளச்சேரி, பெரம்பூர். எக்செல்ல பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். உக்கார வெச்சு பேச ஆரம்பிச்சதும்தான் தெரியுது, ஒருத்தர் கடைசியா ஆம்னி பஸ் ஏறினது காலேஜ் படிக்கும்போதாம், இன்னொரு அம்மாவுக்கு எப்பவும் ட்ரெயின்தான், "பஸ்னா எனக்கு வாந்தி வரும்பா"ன்னு சிரிக்கறாங்க, ஒருத்தர் டெய்லி 29சில ஆபீஸ் போறாரு, அதனால "பஸ்ஸில் பயணம் செய்வீர்களா"ங்கற கேள்விக்கு ஆம்னு டிக் போட்டிருக்காரு, அவர் மேல என்ன தப்பு சொல்லுங்க? கேள்வி அப்படி.

இவங்க எல்லாருமே டாஸ்க்க முடிச்சாங்க, அதான் கொடுமை. ஊரு தேடி, தேதி போட்டு, காலியா இருந்த மொத சீட்ட தட்டி, மொத போர்டிங் பாயிண்ட்ட தட்டி, பேமெண்ட் பக்கம் வரைக்கும் ஒரே ஓட்டம், ஏன்னா அவங்களுக்கு அந்த பஸ்ஸ புடிக்கணும்ங்கற அவசியம் கிடையாது. உண்மையா ஊருக்கு போறவன் அப்படி பண்ண மாட்டான். லோயர் பெர்த்தா அப்பரான்னு பாப்பான், பின்னாடி டயருக்கு மேல வருதான்னு பாப்பான், பக்கத்து சீட்டு யாருன்னு பொண்ணுங்க பாப்பாங்க, கிளாம்பாக்கத்துல ஏறணுமா பெருங்களத்தூர்ல ஏறலாமா, வண்டி அங்க எத்தன மணிக்கு வரும், மிஸ் பண்ணா அடுத்த ஸ்டாப் எதுன்னு அஞ்சு நிமிஷம் யோசிப்பான். நம்ம டிசைன் பல்லிளிக்கிறது அந்த அஞ்சு நிமிஷத்துலதான். பஸ் ஏறாத ஆளுங்கள வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு "எல்லாரும் ஈஸியா முடிச்சுட்டாங்க சார்"னு ரிப்போர்ட் குடுத்தா மேனேஜ்மெண்ட் கைதட்டும், லைவ் போன அன்னிக்கு கஸ்டமர் கேர் ஃபோன் கிழியும்.

அடுத்தது ப்ரொபஷனல் ரெஸ்பான்டென்ட்டுங்க. இத பழைய ரிசர்ச்காரங்கள கேட்டா கதை கதையா சொல்லுவாங்க, ஒரே ஆளு திங்கக்கிழமை இல்லத்தரசி, புதன்கிழமை பேங்க் வாடிக்கையாளர், சனிக்கிழமை சர்க்கரை நோயாளி. எங்களுக்கும் வந்தாங்க. உள்ள நுழையும்போதே தெரிஞ்சுடும், கேமரா எங்க இருக்குன்னு பாத்து அதுக்கு நேரா உக்காருவாங்க, "சத்தமா யோசிக்கணுமா மேடம்?"னு அவங்களே கேப்பாங்க, அப்புறம் எத கேட்டாலும் "யூசர் ஃப்ரெண்ட்லியா இருக்கு, கலர் காம்பினேஷன் நல்லா இருக்கு". யூசர் ஃப்ரெண்ட்லின்னு சொல்ற ஆள் பாதி நேரம் யூசரே இல்ல, இது என் அனுபவத்துல ஒரு நல்ல அடையாளம். ஏஜென்சி கிட்ட கேட்டா "6 மாசத்துக்குள்ள வேற ஸ்டடில கலந்துக்கலன்னு எழுதி வாங்கிருக்கோம் மேடம்"ங்கறாங்க. எழுதிக் குடுக்க என்ன வலிக்குது. ஏஜென்சி தன்னோட சொந்த ரெஜிஸ்டர்ல அந்த நம்பர தேடிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அந்த ஒரு வேலைய பண்ணல, 2 மார்க் போட்டதுக்கு பாதிக் காரணம் இது.

ரெண்டாவது ரவுண்டுக்கு ஸ்கிரீனர, அதாவது ஆள வடிகட்டுற கேள்வி லிஸ்ட்ட, நாங்களே எழுதி குடுத்துட்டோம். இங்கதான் கொஞ்சம் வெவரமா சொல்லணும். ஆம் இல்லை கேள்வி வெக்கவே கூடாது, வெச்சா பதில் எதுன்னு கேள்வியே காட்டிக் குடுத்துடும். "பஸ் டிக்கெட் ஆன்லைன்ல போடுவீங்களா"ன்னு கேட்டா காசு வேணும்ங்கற எவனும் இல்லன்னு சொல்ல மாட்டான். அதுக்கு பதிலா "கடந்த 6 மாசத்துல ஃபோன்ல இதுல எதெல்லாம் பண்ணீங்க"ன்னு ஒரு லிஸ்ட், கரண்ட் பில் கட்டினது, சினிமா டிக்கெட், ட்ரெயின் டிக்கெட், ஆம்னி பஸ் டிக்கெட், கவர்மெண்ட் பஸ் டிக்கெட், கேஸ் புக்கிங், ஆஸ்பத்திரி அப்பாயின்மெண்ட், அதுல நமக்கு எது வேணும்னு அவங்களுக்கு தெரியாது. எல்லாத்துக்கும் டிக் போட்டா சந்தேகப்படணும். ஒலகத்துலயே இல்லாத ஒரு ஆப் பேர கற்பனையா லிஸ்ட்டு நடுவுல சொருகி வெக்கறதும் உண்டு, அத யூஸ் பண்றேன்னு சொல்றவங்கள அப்படியே ஓரமா வெச்சுடலாம். யூஎக்ஸ், விளம்பரம், மார்க்கெட் ரிசர்ச், டிராவல்ஸ் ஆபீஸ், இந்த நாலு வேலைல இருக்குறவங்க வேண்டாம், வீட்ல யாராச்சும் இருந்தாலும் வேண்டாம். ஐடில இருந்தாலே வேண்டாம்னு சில பேர் தூக்கிடறாங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஐடி கம்பெனிங்க நெறைஞ்ச ஓஎம்ஆர் ரோட்லேர்ந்து வெள்ளிக்கிழமை நைட்டு பேக் மாட்டிக்கிட்டு ஊருக்கு கிளம்புற கூட்டத்துல ஐடி பசங்கள தூக்கிட்டா அப்புறம் யார வெச்சு டெஸ்ட் பண்றது? வெப்சைட் டிசைன் பண்றவன் மட்டும் வேண்டாம், சப்போர்ட்ல உக்காந்திருக்குற பையன் வரட்டும்.

அப்புறம் ஒரே ஒரு வாய்மொழி கேள்வி, ஃபோன்ல கேக்கணும், ஃபார்ம்ல இல்ல: "கடைசியா ஊருக்கு போன கதைய சொல்லுங்க, எங்க ஏறுனீங்க, எப்படி அந்த எடத்துக்கு போனீங்க?" கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 திறந்ததுலேர்ந்து தெக்க போற ஆளுக்கு ஏறுற எடம்ங்கறது ஒரு தனி தலைவலி, அதனால போனவன் வாயிலேர்ந்து அது கொட்டும். "அட அத ஏன் கேக்கறீங்க, சைட்ல பெருங்களத்தூர்னு போட்டிருந்தான், எந்த பக்கம்னு போடல, நான் இந்தப் பக்கம் நிக்கறேன் வண்டி அந்தப் பக்கம் போகுது, டிரைவர் ஃபோன எடுக்கல"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாருன்னா அவர் கைல அட்வான்ஸே குடுத்துடலாம். போகாதவங்க "ம்ம்... பஸ் ஸ்டாண்டுல ஏறினேன், நல்லா இருந்துது"ன்னு முடிச்சுடுவாங்க. முன்னாடி பஸ் கிளம்பின கோயம்பேட்ட சொன்னாலே பொய்யின்னு நெனச்சுடாதீங்க, கோர்ட்டு கேஸ்னு பல திருப்பம் நடந்து போச்சு, எடம் சரியா தப்பான்னு பாக்க வேண்டாம், அந்தக் கதைல சதை இருக்கான்னு பாருங்க. இந்த ஃபோன் கேள்வி இன்னொரு வேலையும் பண்ணுது, ஆள் வாய் தொறந்து பேசுவாரான்னு அப்பவே தெரிஞ்சுடும். ஒரு மணி நேரம் ஊம் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்குறவர வெச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. அதுக்காக ரொம்ப வக்கணையா பேசறவங்களையே பொறுக்கி எடுத்தீங்கன்னா அதுவும் ஊரோட சாயல் இல்ல, பாத்து.

இந்த ஸ்கிரீனர ஏஜென்சி ஆளுங்க எப்படி பண்ணாங்கன்னா, ஃபோன் பண்ணி கேக்குற ரெண்டு அக்காங்கள்ல ஒருத்தவங்க தங்கம். எங்க வரைமுறைய படிச்சுட்டு அவங்களே ஒரு விஷயம் சொன்னாங்க, "மேடம், டிக்கெட் போடுறது ஒருத்தர், பஸ்ல போறது ஒருத்தர், அத என்ன பண்ணப் போறீங்க?" சத்தியமா நல்ல கேள்வி. பெங்களூர்ல இருக்குற பையன் அவன் ஃபோன்ல அம்மாவுக்கு டிக்கெட் போடுவான், எஸ்எம்எஸ் அவனுக்கு வரும், அம்மா மதுரைலேர்ந்து சென்னைக்கு வர்றாங்க, மாட்டுத்தாவணில நின்னுக்கிட்டு "எந்த வண்டிடா"ன்னு அவனுக்கு ஃபோன் பண்ணுவாங்க, அவன் மீட்டிங்ல இருப்பான். இதுல சைட்ட யூஸ் பண்றது யாரு? "தானே டிக்கெட் போட்டிருக்கணும்"ங்கற கண்டிஷன அப்படியே வெச்சிருந்தா அந்த அம்மா ஸ்கிரீனர்லயே வெளிய போயிருப்பாங்க, டிக்கெட் மெசேஜ யாரும் டெஸ்டே பண்ணிருக்க மாட்டோம். அந்த அக்கா சொன்னதுக்கப்புறம் சில பேர ஜோடியா கூப்பிட்டோம், போடுறவர் ஒரு ரூம், போறவங்க ஒரு ரூம், இவர் போட்டு அனுப்புன மெசேஜ அவங்க படிச்சு எந்த எடத்துல எத்தன மணிக்கு நிக்கணும்னு சொல்லணும். மொத்த ஸ்டடில உருப்படியான விஷயம் அதுலதான் கெடச்சுது, மெசேஜ்ல பஸ் கிளம்புற நேரம் பெருசா இருக்கு, அவங்க ஏறுற ஸ்டாப்புக்கு வர்ற நேரம் கடைசி வரில பொடிசா இருக்கு, பெரியவங்க எல்லாரும் மொத நேரத்தையே படிச்சாங்க.

ஃபோன் விஷயமும் பிரீஃப்லயே எழுதுங்க, "சொந்த ஃபோனோட வரணும், அதுலதான் டெஸ்ட்". ஏஜென்சிக்காரங்க பழக்கதோஷத்துல "மேடம் நாங்களே டேப்லெட் தர்றோம்"பாங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க. ஸ்கிரீன் விரிசல் விட்டு, ஸ்டோரேஜ் ஃபுல்லாகி, எழுத்து சைஸ பெருசு பண்ணி வெச்சு, கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங்ல ஊர் பேர் சொல்ற ஃபோனுதான் வெளிய இருக்கு. எழுத்த பெருசு பண்ணி வெச்சிருந்த ஒரு ஐயா ஃபோன்ல எங்க சீட் லேஅவுட்டுக்கு கீழ இருக்குற "தொடரவும்" பட்டனே காணாம போச்சு, நம்ம டேப்லெட்ல அது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

எத்தன பேர் வேணும்ங்கறதுல ஏஜென்சிக்கு ஒரே கொள்கை, எவ்ளோ கூடுதலோ அவ்ளோ நல்லது, தலைக்கு இவ்ளோன்னு பில் போடறாங்க இல்ல. இன்னொரு பக்கம் நம்ம ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் "அஞ்சு பேர் போதும்னு நீல்சனே சொல்லிருக்காரு"ன்னு வந்துடுவாரு. ரெண்டையும் அப்படியே முழுங்க வேண்டாம். யூசபிலிட்டி ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993ல போட்ட கணக்கு என்னன்னா ஒரு ஆள் சராசரியா 31 சதவீத பிரச்சனைய கண்டுபுடிச்சு குடுப்பாரு, அப்படின்னா அஞ்சு பேர்ல சுமார் 85 சதவீதம் வந்துடும். அந்த 31ங்கறது எல்லா சைட்டுக்கும் எழுதி வெச்ச எண் கிடையாது. பத்துல ஒருத்தர் மட்டும் மாட்டிக்கிற பிரச்சனைன்னா அஞ்சு பேர்ல அது ஒரு தடவையாவது தலை காட்டுறதுக்கு 41 சதவீதம்தான் வாய்ப்பு, கால்குலேட்டர்ல போட்டு பாருங்க. 2001ல ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் ஷாப்பிங் சைட்டுங்கள பாத்தப்போ மொத அஞ்சு பேர்ல 35 சதவீதம்தான் கெடச்சுதுன்னு சொன்னாங்க. 2003ல லாரா ஃபாக்னர் 60 பேர வெச்சு பண்ணி அதுலேர்ந்து குலுக்கல் மாதிரி அஞ்சஞ்சு பேரா எடுத்து பாத்தா சில அஞ்சு 99 சதவீதம் புடிச்சிருக்கு, சில அஞ்சு 55தான். அதாவது எந்த அஞ்சுங்கறதுதான் சமாச்சாரம்.

நீல்சனே இன்னொண்ணும் சொல்லிருக்காரு, ஜனங்க ரெண்டு வேற வேற கூட்டமா இருந்தா ஒவ்வொரு கூட்டத்துலேர்ந்தும் மூணு நாலு பேர எடுங்க, மூணு இல்ல அதுக்கு மேல கூட்டம் இருந்தா மூணு மூணு பேர எடுங்கன்னு, அஞ்சு பேர் போதும்னு சொல்றவங்க யாரும் அந்த வரிய மட்டும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல. எங்களுக்கு மூணு கூட்டம், தனக்கு போடுறவங்க, அடுத்தவங்களுக்கு போடுறவங்க, போட்டுக் குடுத்தத வெச்சு ஏறுறவங்க. வயசு, ஆண் பெண் எல்லாம் அதுக்குள்ள தானா கலந்து வந்துடுச்சு, தனியா கோட்டா போடத் தேவையே இல்ல. ஒரேடியா இருபது பேர உக்கார வெக்கறதுக்கு பதிலா கொஞ்சம் பேர பாத்து, சரி பண்ணி, மறுபடி கொஞ்சம் பேர பாருங்க, ஏஜென்சி "மொத்தமா எடுத்தா டிஸ்கவுண்ட்"னு சொல்லும், அந்த ஆசைல விழாதீங்க.

கண் தெரியாதவங்கள எடுத்துக் குடுக்கச் சொன்னப்போ ஏஜென்சி முழுசா கை விரிச்சுட்டாங்க, "அந்த மாதிரி நம்ம டேட்டாபேஸ்ல இல்ல மேடம்". நாட்ல 2016லயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து 21 வகை குறைபாட்ட பட்டியல்ல சேத்தாச்சு, இவங்க ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. சரின்னு ஒரு பார்வையற்றோர் சங்கம் மூலமா நாங்களே பேசி கூப்பிட்டோம். இங்கயும் ஆள தேர்ந்தெடுக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, பார்வை இல்லாதவர்ங்கறது மட்டும் பத்தாது, ஸ்கிரீன்ல இருக்கறத வாய்விட்டு படிச்சு சொல்ற டாக்பேக்க டெய்லி யூஸ் பண்றவரா, அதுல காசு கட்டுற வேலை எல்லாம் தானே பண்றவரான்னு கேக்கணும், இல்லன்னா சைட்டோட கோளாறு எது, டாக்பேக் புதுசா கத்துக்கறதுல வர்ற தடுமாற்றம் எதுன்னு பிரிக்கவே முடியாது. கண்ணுல புரை விழுந்து மங்கலா தெரியுறவங்க வேற, அவங்க பெருசாக்கி பாப்பாங்க, அவங்களையும் தனியா கூப்பிடணும். துணைக்கு ஒருத்தர் வருவாங்க, அவங்களுக்கும் சேத்து ஆட்டோ காசு குடுக்கணும், நேரம் கூட ஒதுக்கணும். எங்க சீட் மேப்ப டாக்பேக் எப்படி படிச்சுதுன்னா, "பட்டன், பட்டன், பட்டன், பட்டன்". அவ்ளோதான். எந்த சீட்டு காலி, எது லோயர், ஒண்ணும் கெடையாது. அந்தத் தம்பி பொறுமையா சிரிச்சுட்டு "அக்கா, இதுல 36 பட்டன் இருக்கு, எத அமுக்கட்டும்?"னாரு.

சரி, திட்டிக்கிட்டே போறேன், 4 மார்க் எதுக்குன்னு சொல்லணும் இல்ல. வர்றேன்னு சொன்னவங்கள வர வெக்கறதுல இவங்கள அடிச்சுக்க முடியாது. முந்தின நாள் ஒரு ஃபோன், காலைல வாட்ஸ்அப்ல லொகேஷன், கிளம்பிட்டீங்களான்னு இன்னொரு ஃபோன், வழி தெரியலன்னா ஒரு பையன் போய் மெட்ரோ ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வர்றான். நீல்சனோட கம்பெனி 2003ல போட்ட சர்வேல வராம போறவங்க சராசரி 11 சதவீதம், ஒன்பது பேர்ல ஒருத்தர், அது அமெரிக்கா பக்கத்து கணக்கு, நம்ம ஊர்ல மழை வந்தா அது எங்கயோ போயிடும். மழை நாள்லயும் இவங்க ஒரு ஸ்லாட்ட காலியா விடல, ஏன்னா பேக்கப்புக்கு ஒருத்தர ரிசப்ஷன்லயே காசு குடுத்து உக்கார வெச்சிருந்தாங்க, அந்த பேக்கப்பும் அதே ஸ்கிரீனர்ல தேறினவரு. நீங்க எந்த ஏஜென்சிக்கு போனாலும் பேக்கப் ஆளுக்கும் ஸ்கிரீனர் போட்டீங்களான்னு கட்டாயம் கேளுங்க, நெறைய எடத்துல பேக்கப்னா பக்கத்து தெரு ஆள்தான்.

இன்சென்டிவும், அதாவது டெஸ்டுக்கு வந்தவங்களுக்கு தர்ற காசும், சரியா குடுத்தாங்க, டெஸ்ட் முடிஞ்சு லிஃப்ட்டுக்குள்ள போறதுக்குள்ள யூபிஐ சத்தம் கேக்கும். எவ்ளோ குடுக்கறதுங்கறதுல ஒரு யோசனை, ரொம்ப அள்ளிக் குடுத்தா மேல சொன்ன ப்ரொபஷனல் கூட்டம் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணி வந்து குவியும், ரொம்ப கம்மின்னா வேலைய விட்டுட்டு எவனும் வர மாட்டான், வேலை வெட்டி இல்லாதவங்களா வந்து சேருவாங்க. அரை நாள் சம்பளம் போனாலும் பரவால்லன்னு நெனக்கிற அளவு, கூட போக்குவரத்து செலவு, இது போதும். முக்கியமா, டாஸ்க்க முடிக்காட்டியும் முழுக் காசும் உண்டுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடணும், பாதிப் பேர் பரிட்சை எழுத வந்த மாதிரி பயந்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு கோபம். வந்தவங்க லிஸ்ட்ட பேரு, ஃபோன் நம்பர், வீட்டு அட்ரஸ், சம்பளம் எல்லாத்தையும் ஒரே எக்செல்ல போட்டு, டிரைவர், ரிசப்ஷன் பையன் வரைக்கும் இருக்குற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விட்டுட்டாங்க. தனியா நைட் பஸ்ல போற பொண்ணுங்களோட நம்பரும் ஊரும் அதுல இருக்கு, கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டப்படி எதுக்காக தகவல வாங்கறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும், அந்த நோட்டீஸ தமிழ்ல கேட்டா தமிழ்ல காட்டணும். இவங்க கன்சென்ட் ஃபார்ம் மூணு பக்கம் இங்கிலீஷ், தமிழ்ல படிக்கறவங்கதான் வேணும்னு கேட்டு வர வெச்சுட்டு இங்கிலீஷ் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கறாங்க. நாங்க அரைப் பக்கத்துல தமிழ்ல எழுதி வாய்விட்டு படிச்சு காட்டி வாங்கினோம். பேருக்கு பதிலா ஒரு எண் போட்டுதான் எங்களுக்கு லிஸ்ட் தரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

ஏஜென்சி இல்லாம பண்ண முடியாதான்னா, முடியும். நம்ம சைட்டோட பழைய கஸ்டமர் லிஸ்ட்லேர்ந்து கூப்பிடலாம், செலவு கம்மி, பஸ்ல போனவங்கங்கறது நிச்சயம். ஆனா அந்த லிஸ்ட்ல இருக்குறவங்க எல்லாம் எப்படியோ டிக்கெட் போட்டு ஜெயிச்சவங்க, பாதில விட்டுட்டு ரெட்பஸ்ஸுக்கு ஓடினவங்க அதுல இருக்க மாட்டாங்க, நமக்கு அவங்களும் வேணுமே. கிளாம்பாக்கத்துலயே போய் வெயிட் பண்றவங்க கிட்ட பேசலாம், வண்டிக்கு அரை மணி நேரம் இருக்குன்னா நல்லாவே பேசுவாங்க, சின்ன சின்ன கேள்விக்கு அது போதும், முழு புக்கிங் டாஸ்க்குக்கு ஆகாது, ஒரு கண்ணு பஸ் மேலதான் இருக்கும், முனையத்துக்குள்ள உக்கார்றதுன்னா அனுமதி வேற வாங்கணும். ஆபீஸ்ல பக்கத்து டீம் ஆளுங்கள கூப்பிடறது, ஸ்பெல்லிங் மிஸ்டேக் கண்டுபுடிக்க உதவும். ஸ்டீவ் க்ரக்னு யூசபிலிட்டில பெரிய பேரு, அவரு ஆள் தேடுறதுல ரொம்ப கறாரா இருக்காதீங்க, கெடச்சவங்கள வெச்சு சீக்கிரமா அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்றவரு. மெனு புரியுதா, பட்டன் தெரியுதான்னு பாக்கறதுக்கு அவர் சொல்றது சரிதான், கண்ணு இருக்குற எவரும் அதுல மாட்டுவாங்க. சீட்டும் ஸ்டாப்பும் நேரமும் சேந்து முடிவெடுக்குற எடத்துல பஸ் ஏறாத ஆள் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டாரு, அந்த அளவுக்கு நான் அவரோட ஒத்துப்போகல.

ரேட்டு விஷயத்துல, ஆள் எடுத்து குடுக்கறதுக்கு தலைக்கு ஒரு ஃபீஸ், இன்சென்டிவ் தனி, பேக்கப் தனி, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோட்டேஷன்ல இன்சென்டிவ தனி வரியா காட்டச் சொல்லுங்க, இல்லன்னா நீங்க குடுக்குற காசுல வந்தவர் கைக்கு எவ்ளோ போகுதுன்னு தெரியாது. தப்பான ஆள அனுப்பினா மாத்து ஆள் இலவசம்னு வாய்ல சொல்லுவாங்க, தப்பான ஆள்ங்கறதுக்கு அர்த்தம் உங்க ஸ்கிரீனர்ல தேறாதவர்னு எழுத்துல வாங்குங்க, எங்க மொத பேட்சுக்கு அப்படி எழுதாததால "வயசும் ஏரியாவும் சரியாதானே மேடம் இருக்கு"ன்னு பாதிக்கு பில் போட்டாங்க, பேசிப் பேசிதான் கொறச்சாங்க.

ஷாம்பு, பிஸ்கட் ஸ்டடிக்கு போறவங்க கண்ண மூடிக்கிட்டு போலாம். சைட் டெஸ்டுக்குன்னா ஸ்கிரீனர நீங்க எழுதுங்க, ஃபோன் பண்றப்போ ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கேளுங்க, அந்த அக்கா மாதிரி ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சுட்டு அவங்களையே கேட்டு வாங்குங்க. தேதி குறிக்கும்போது தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரத்த விட்டுடுங்க, பஸ்ல போற ஜனம் எல்லாம் ஊருக்கு கிளம்பிக்கிட்டு இருக்கும், வர்றேன்னு சொன்னவங்களும் வர மாட்டாங்க. பண்டிகை முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்த அடுத்த வாரம் வெச்சீங்கன்னா டிக்கெட் கெடைக்காம அலைஞ்ச கதை சூடா இருக்கும், கேள்வியே கேக்க வேண்டாம், அவங்களே கொட்டுவாங்க.